சீட்டுக்கு அடியில் ஓடிய சிவப்பு ஒயர்

சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியும் கையிலிருந்து அந்த வாடை போகவில்லை. ஒயர் கருகிய வாடை. புளி போட்டுக்கூடத் தேய்த்துப் பார்த்தேன். பாப்பாவுக்குப் பால் கலக்கும்போது டம்ளருக்கு மேலே அதுதான் வந்தது. கலந்ததைக் கொட்டிவிட்டு வேறு கலந்தேன். அவள் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வராது. அதனால் உனக்கு எழுதுகிறேன். திட்டு வாங்க வேண்டியவன் நீ. எங்கே இருந்தாலும் வாங்கிக்கொள்.

'நீ' என்றுதான் எழுதுவேன். அத்தை மகன் என்பதால் பாவாடை கட்டிய வயதிலிருந்தே அப்படித்தான் பழக்கம். கல்யாணமானதும் அத்தை, "நாலு பேர் எதிர்லயாவது நீங்கன்னு சொல்லேன்டி" என்று கெஞ்சினார். நாலு பேர் எதிரில் சொன்னேன். உன் காரியம் முடிகிறவரை துக்கம் கேட்க வந்தவர்களிடம் 'அவர்', 'அவர்' என்றுதான் பேசினேன். வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டு. "அவன் கை பட்டா எதுவும் ஓடும்மா. மெக்கானிக்கே வேணாம், எல்லாத்தையும் தானே செஞ்சுடுவான்." நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலையெல்லாம் இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் பாப்பாவை அல்சூரில் அம்மா வீட்டில் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போகலாம் என்று அவளோடு கிளம்பினேன். அவளுடைய பிரம்புக் கூடையைக் காரின் பின்சீட்டில் வைத்து, துப்பட்டாவால் சீட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். எனக்கு ஒரு முடிச்சு போதாது. முடிச்சின் மேல் முடிச்சு. நீ இருந்திருந்தால், "என்னடி, மூட்டையா லாரியில ஏத்தற?" என்று சிரித்திருப்பாய்.

தொம்மலூர் ஊருக்குள் திரும்பும் இடத்தில் நாற்றம் வந்தது. யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றினேன். ஏற்றிய பிறகு நாற்றம் அதிகமானது. கீழே பார்த்தேன். என் சீட்டுக்கு அடியிலிருந்து, இரண்டு கால்களுக்கும் நடுவே, புகை.

வண்டியை ஓரம் கட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தேன். அணைத்த பிறகும் புகை நிற்கவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. எல்லாவற்றையும் அணைத்தாகிவிட்டது, ஆனாலும் ஏதோ ஒன்று உள்ளே தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கிறது. பின்கதவைத் திறந்து துப்பட்டாவை அவிழ்த்தால் அவிழவில்லை. நான் போட்ட முடிச்சுதானே. நகம் பிய்ந்தது. பாப்பா இருமினாள். கடைசியில் முடிச்சை விட்டுவிட்டு, அவளைக் கக்கத்தில் கைகொடுத்து, கூடையிலிருந்து மேலே உருவி எடுத்தேன். ஒரு பக்கக் காலுறையும் கொலுசும் கூடையிலேயே நின்றுவிட்டன.

பூ விற்கிற அம்மாள் ஒருத்தி ஓடி வந்து, "கொழந்தைய இப்படிக் குடும்மா. குடுங்கறேன்ல" என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். ஆட்டோக்காரர் ஒருவர் தூரத்தில் நின்றுகொண்டே, "பேட்டரி தெகீரி மேடம், பேட்டரி" என்று கத்தினார். கழற்றச் சொல்லிக் கத்தத்தான் தெரிந்தது அவருக்கு. எந்த ஒயர் என்று அங்கே நின்ற அத்தனை பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும். சிவப்பு ஒயர். நீ அதை மாட்டும்போது டார்ச் பிடித்தவள் நான். பானெட்டைத் திறந்து, பாப்பாவின் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, பேட்டரியிலிருந்து அதைப் பிய்த்து எறிந்தேன். அப்புறம்தான் புகை அடங்கியது. அப்புறம்தான் போய்ப் பாப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கிறதா? கல்யாணமான மறுவருஷம். பழைய வண்டி வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சிவாஜிநகரில் பழைய கார் சாமான் விற்கும் சந்தில் ஒரு ஸ்டீரியோவையும், சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி ஒன்றையும் முதல் நாளே வாங்கியிருந்தாய். கடைக்கார பாய் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "சாப், மால் ஏக்தம் ஜப்பான். ஆனா ஃபிட்டிங் இங்கயே போட்டுக்கங்க. வீட்ல போட்டா பேஜாரு."

"கை இருக்கு இல்ல பாய்" என்றாய் நீ, இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டி.

அவர் என்னைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்கம்மா." நான் சொன்னேன். சொன்னால் கேட்கிற ஆளா நீ.

வீட்டு வாசலில் காரின் நான்கு கதவும் திறந்து, சீட்டு கழன்று, கோரைப்பாய் மேலே திருகுகள் உருண்டு கிடந்தன. மாடியிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஏன் சார், ரேடியோ அங்கடி ஹாகித்தீரா?" என்று கேட்டார். நீ அந்த ரேடியோக் கடைக்கு முதல் போணியாக வரச்சொல்லி அவரையும் கூப்பிட்டாய். எல்லோருக்கும் உன்னைப் பிடிக்கும். அது ஒரு தொல்லை.

"டார்ச்ச நேரா புடிடி, பி.எஸ்ஸி. பிசிக்ஸ்" என்றாய். பேட்டரியிலிருந்து வந்த சிவப்பு ஒயரைத் தரைவிரிப்புக்கு அடியில் விட்டு, டிரைவர் சீட்டுக்குக் கீழே இருந்த பெட்டிக்குக் கொண்டுபோனாய். சீட்டு முன்னும் பின்னும் நகரும் இரும்புத் தண்டவாளத்தின் மேலேயே அது கிடந்தது. ஓரமாகப் போடேன், அறுத்துக்கொண்டு போகும் என்றேன். "சீட்ட யாரு நகர்த்தப் போறா?" என்றாய்.

அப்போது அது கேள்வியாகக்கூட எனக்குப் படவில்லை. இன்று காலையிலிருந்து அதே வாக்கியம்தான் மண்டையில் ஓடுகிறது. சீட்ட யாரு நகர்த்தப் போறா. உன் காலுக்கு ஏற்ற மாதிரி சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி வைத்துக்கொண்டு, காலாகாலத்துக்கும் நீயே ஓட்டப் போகிற மாதிரி மாட்டினாய். எனக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தவனும் நீதான், ஒரு நாளும் சாவியைக் கையில் கொடுக்காதவனும் நீதான்.

அன்று மாலை, ஒயரை மாட்டும்போது நுனி எங்கேயோ தகரத்தில் பட்டு, 'பட்' என்று ஃபியூஸ் போனது. விரல் நுனி அளவு கண்ணாடிக் குழாய், உள்ளே தலைமுடி மாதிரி ஒரு கம்பி. அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் அந்தக் கம்பி தான் அறுந்து மற்றதைக் காப்பாற்றும். அதற்காகவே வைப்பது. வேறு ஃபியூஸ் கையில் இல்லை. நீ சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்து, உள்ளே இருந்த ஜிகினாத் தாளைக் கிழித்து, செத்துப்போன ஃபியூஸைச் சுற்றிச் சுருட்டி, திரும்பவும் மாட்டினாய்.

"இது எதுக்கு? இப்படிப் போட்டா ஃபியூஸ் போடாத மாதிரிதானே?" என்றேன்.

"நாளைக்கு சிவாஜிநகர் போறேன். வாங்கிட்டு வந்து மாத்திடறேன். ஒண்ணும் ஆகாதுடி."

பாட்டு வந்தது. தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி வந்தது. நீ கையில் கிரீசோடு என்னைப் பிடித்துச் சுற்றினாய். என் மஞ்சள் சுடிதாரில் உன் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன. நானும் சிரித்தேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

அந்த 'நாளைக்கு' மட்டும் வரவே இல்லை. எத்தனை முறை நினைவூட்டினேன் என்று எனக்கே தெரியாது. "மாத்தணும் மாத்தணும்" என்பாய். பாப்பா பிறந்து அவளை அந்த வண்டியில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தோம். அன்றும் அந்த ஜிகினாத் தாள் உள்ளே இருந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இருந்தால் அது என்னைத்தான் தின்னும். நீ போவதற்கு முதல் நாள், அந்தச் சனிக்கிழமை மத்தியானம், வண்டி கழுவிக்கொண்டிருந்தாய். நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். இடது தோளையும் உருட்டினாய். நான் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றேன்.

"டாக்டர்கிட்ட போகலாம் வா."

"கேஸுடி. காலைல பூரி தின்னது. சோடா குடிச்சா சரியாயிடும்."

"முகமெல்லாம் வேர்த்திருக்கு. ஆட்டோ கூப்பிடறேன்."

"எல்லாத்துக்கும் பயந்தா வாழ முடியாதும்மா. நாளைக்குப் பார்க்கலாம்." நான் மறுபடி வாயைத் திறந்தேன். நீ கதவு வழியாக உள்ளே கையை விட்டு, ஸ்டீரியோவின் குமிழைத் திருகிச் சத்தத்தை ஏற்றினாய். ஏற்றிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். நான் பேசியது எனக்கே கேட்கவில்லை.

மறுநாள் காலை பல் துலக்கப் போனவன் திரும்பவில்லை. உன் மகள் அப்போது குப்புற விழக்கூடப் பழகவில்லை. இப்போது உட்காருகிறாள். எதையாவது பிடித்து எழுந்திருக்கப் பார்க்கிறாள். நீ பார்த்திருக்க வேண்டும். நீ பார்க்கவில்லை என்பதில் எனக்கு அழுகை வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. உனக்கு என்ன அவசரம்? ஒரு ஆட்டோவில் ஏறி உட்காருவதில் உனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

திங்கட்கிழமை நடந்ததைக் கேட்டு அம்மா, "அந்தக் கருமத்தக் கழட்டிக் குப்பையில போடு, வண்டியையும் வித்துடு" என்றாள். தெருமுனை எலக்ட்ரீஷியன் தானே பார்த்துத் தருவதாகச் சொன்னார். நான் யாரையும் கை வைக்க விடவில்லை. நீ என்னென்ன செய்து வைத்திருக்கிறாய் என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். நேற்று பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சிவாஜிநகர் போனேன். அதே சந்து, அதே பாய். உன்னைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "ஃபிட்டிங் யாரு பண்றாங்கம்மா?" என்றார். நான்தான் என்றேன். ஒயரை அளந்து வெட்டினார். ஃபியூஸை மட்டும் ஒரு டப்பா நிறைய எடுத்து வைத்தார்.

இன்று அம்மா பாப்பாவை வைத்துக்கொள்ள, வாசலில் சீட்டைக் கழற்றினேன். நினைத்த இடத்தில்தான் இருந்தது. ஒயரின் தோல், தண்டவாளத்தின் முன்பாதியில், கத்தியால் சீவியது போல் போயிருந்தது. பின்பாதியில் ஒரு கீறல்கூட இல்லை. நீ உட்கார்ந்திருந்த வரை சீட்டு அதைத் தொடவே இல்லை. என் கால் எட்டவேண்டும் என்று முன்னால் இழுத்துப் போட்டு ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து, பிரேக்குக்குப் பிரேக் அது அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. உனக்கு மட்டும் ஒன்றும் ஆகாத வண்டி. அப்படி ஒரு வண்டியை எங்களுக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் கூட்டைத் திறந்தேன். தாள் நடுவில் கறுத்து, ஓரங்களில் இன்னும் பளபளத்தது. நடுரோட்டில் என் குழந்தை இருமியபோதும் அது அறுந்து கொடுக்கவில்லை. தெருவென்றும் பார்க்காமல் உன்னைத் திட்டினேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்புறம் வேலையைப் பார்த்தேன். புது ஒயரைக் கதவோரமாக, பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில் கொண்டுபோனேன். தகரத்தைத் துளைத்து வருகிற இடத்தில் ரப்பர் வளையம் போட்டேன். சீட்டை மாட்டி, கடைசிவரை முன்னால் இழுத்தேன். கடைசிவரை பின்னால் தள்ளினேன். பின்னால் தள்ளியபோது உன் இடத்தில் சற்று உட்கார்ந்திருந்தேன். கால் எதையும் எட்டவில்லை. மறுபடி முன்னால் இழுத்துக்கொண்டேன்.

புது ஃபியூஸைப் போட்டு ஸ்டீரியோவைப் போட்டதும் 'பட்' என்றது. பயந்து குதித்து வெளியே வந்தேன். ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் மாட்டிய ஒயர் நுனியின் ஓர் இழை பிரிந்து தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. என் தப்புதான். புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். வரவில்லை. குனிந்து முகர்ந்தேன். பழைய கருகல் தவிரப் புதிதாக எதுவும் இல்லை. கூட்டைத் திறந்தால் கண்ணாடிக்குள் அந்தத் தலைமுடிக் கம்பி நடுவில் அறுந்திருந்தது. அவ்வளவுதான். ஒரு சின்னச் சாமான் தன் வேலையைச் செய்துவிட்டுச் செத்துக் கிடந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை.

வாசல்படியில் உட்கார்ந்து அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன்னிடம் நான் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்.

இழையை முறுக்கி டேப் சுற்றி, வேறு ஃபியூஸ் போட்டேன். பாட்டு வந்தது. சத்தத்தைக் குறைத்தே வைத்தேன். பின்சீட்டில் அவள் இருமினால் எனக்குக் கேட்க வேண்டும். மிச்ச டப்பாவைக் கைப்பையில், அவளுடைய காய்ச்சல் மருந்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். கூடையைக் கட்ட ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு ஒன்றையும் பழகிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டுகூட அவிழ்ப்பேன்.

தும்மினால்கூடப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுகிறேன் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இந்த வீட்டில் இனிமேல் "ஒண்ணும் ஆகாது" என்று யாரும் சொல்லக் கூடாது. நாளை காலை சாவியைப் போடும்போது முதலில் முகர்ந்துதான் பார்ப்பேன். உன் மேல் உள்ள கோபம் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. அது உள்ளே இருக்கிறவரை, அவளை ஏற்றிக்கொண்டு நான் ஜாக்கிரதையாக ஓட்டுவேன்.