உன் அண்ணன் நிறுத்தவில்லை

தூத்துக்குடி,
ஐப்பசி மாதம், 1977.

அன்பு மகன் செந்தூர்பாண்டிக்கு அம்மா இசக்கியம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. பம்பாயில் நீ நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று திருச்செந்தூர் முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நான் நடமாட்டமாக இருக்கிறேன், முழங்கால் வலி எப்போதும் போல. மற்றவர்களும் சுகம் என்று எழுதத்தான் வருகிறது, போன இரண்டு கடிதத்திலும் அப்படித்தான் எழுதினேன், இனி எழுத முடியாது. தீபாவளிக்கு அண்ணனுக்குச் சட்டை எடுக்க வேண்டும், அளவு எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். எந்த அளவை எழுதுவேன் ஐயா. ஆவணியில் எடுத்த சட்டை இப்போது அவன் மேல் கொடியில் காயப்போட்டது மாதிரி தொங்குகிறது. சட்டை வேண்டாம். நீ லீவு போட்டு வா. ஏன் கூப்பிடுகிறேன் என்று ஆதியிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

போன வருஷம் சித்திரையில் உன் அண்ணன் வீரபாகுவுக்கு வயிற்றில் குடல் பிதுங்கி பாளையங்கோட்டையில் ஆபரேஷன் செய்தது உனக்குத் தெரியும். அப்போது அவன் நூற்றுப் பன்னிரண்டு கிலோ. டாக்டர் தேவபிரசாதம் தையலைப் பிரிக்கிற அன்றைக்கு, "அண்ணாச்சி, நான் தச்சுட்டேன், இந்தத் தையல் நிக்கணும்னா உங்க எடை இறங்கணும், எண்பதுக்கு வந்திரணும், இல்லன்னா மறுபடியும் என்கிட்டதான் வருவிய" என்று சொன்னார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சோற்றுத் தட்டை மாற்றிச் சின்னத் தட்டு வைத்துக்கொண்டான். அந்த நாட்களை நினைத்தால் இப்போதுகூட மனசு குளிர்கிறது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் மகள் சண்முகத்தாயைக் கையில் பிடித்துக்கொண்டு கடற்கரை ரோட்டில் நடப்பான். காலையில் கேப்பைக் கூழும் மோரும், மத்தியானம் ஒரு கரண்டி சோறு, நிறையக் காய். ஆனால் எங்களோடு உட்கார்ந்துதான் சாப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமை உன் மதினி அருணாசலவடிவு சாளைமீன் குழம்பு வைத்தால் இரண்டு மீன் போட்டுக்கொண்டு, ஏளா இன்னைக்கு உப்பு தூக்கலா இருக்கே என்று அவளை வம்புக்கு இழுப்பான். ஒருநாள் நடக்க முடியவில்லை என்றால் நாளைக்கு நடந்துகொள்ளலாம் என்று விட்டுவிடுவான். மாதம் ஒருதரம் பாளையங்கோட்டைக்குப் போய் எடை பார்த்து வருவான், அவ்வளவுதான்.

அவனை ஹார்பரில் எல்லாரும் தோணி என்றுதான் கூப்பிடுவார்கள், உனக்குத் தெரியாததா. பள்ளிக்கூடத்தில் தொடங்கிய பேர் அது. கப்பலில் இருந்து இறங்குகிற மூட்டையை எண்ணுவதற்கு அவன் ஏணியில் ஏறினால், கப்பல் சாயப்போகுது தோணி ஏறுது என்று மேலே நிற்கிறவன் கீழே நிற்கிறவனுக்குச் சத்தம் போடுவான். இவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். கார்த்திகை மார்கழியில் உடம்பு நன்றாக இறங்கியதும் அந்தப் பேர் தானாகவே நின்றுபோனது. ஒருநாள் வீட்டுக்குள் நுழையும்போதே, "யம்மா, இன்னைக்கு மூட்டை தூக்குற விஞ்சு மிஷின்காரன் என்னை வீரபாகு அண்ணாச்சின்னு கூப்புட்டான்" என்று சொன்னான். முப்பத்தாறு வயசு ஆம்பளை, பரிசு வாங்கின பிள்ளை மாதிரி நின்றான். பொங்கலுக்கு நீ வந்தபோது பார்த்தது அந்த வீரபாகுவைத்தான். நீயும் அவனும் தோளில் கைபோட்டு போட்டோ எடுத்துக்கொண்டீர்கள். அந்த மாதமே டாக்டரிடம் போனான், எண்பதுக்கு ஒரு கிலோ குறைவாகவே இருந்தது. டாக்டர் எழுந்து கைகொடுத்து, "போதும் அண்ணாச்சி, இதுல அப்படியே நில்லுங்க" என்றாராம்.

அவன் நிற்கவில்லை. "அஞ்சு கிலோ கைவசம் குறைஞ்சு கெடந்தா நல்லதுதானம்மா, நாலு கல்யாண வீட்டுல சாப்புட்டாலும் ஏறாதுல்லா" என்று எனக்குச் சமாதானம் சொன்னான். நியாயம்தானே என்று நானும் நினைத்தேன். மாசியில் சோறு நின்றது. பங்குனியில் கூழ் தண்ணீரானது. கல்யாண வீட்டுக்கு என்று சொன்னானே, எந்தக் கல்யாணத்துக்கும் அவன் போகவில்லை, எங்கே இலை போட்டுவிடுவார்களோ என்று பயம். உப்புக் கிட்டங்கியில் மூட்டை நிறுக்கிற தராசு இருக்கிறதே, அதில் வேலைக்குப் போகும்போது ஒருதரம் வரும்போது ஒருதரம் ஏறி நிற்கிறான் என்று கிட்டங்கிக் கணக்கப்பிள்ளை என்னிடம் வந்து சொன்னார். தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் கூடக் காட்டும் என்று அதற்கு முன்னால் தண்ணீரும் குடிப்பதில்லையாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் நிழல் தேடும்போது இவன் உப்பளத்து வரப்பில் வெறும் தலையோடு நடக்கிறான். அந்த வெயிலும் உப்பின் வெளிச்சமும் பட்டு கண் இரண்டும் சிவந்து கிடக்கும். ஒருநாள் தோசைக்கல்லில் உன் மதினி அரைக் கரண்டி எண்ணெய் விட்டுவிட்டாள் என்று கல்லைத் தூக்கி முற்றத்தில் எறிந்தான். அவனை உனக்குத் தெரியும், பிள்ளைகளை அதட்டிக்கூடப் பேசாதவன். அதற்குப் பிறகு வீட்டில் மீன் வாங்குவதை நிறுத்தினோம், தாளிப்பதை நிறுத்தினோம், வாசனை வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறான். அவன் பசியோடு இருக்கிற வீட்டில் நாங்கள் திருடர்கள் மாதிரி அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

ஆடியில் சண்முகத்தாயின் டீச்சர் ஆள் அனுப்பினார். பிள்ளை டிபன் டப்பாவில் கொண்டுபோவதை வகுப்பில் எல்லாருக்கும் கொடுத்துவிடுகிறாள், தான் தொடுவதில்லை என்று. எட்டு வயசுப் பிள்ளை. கூப்பிட்டுக் கேட்டால், "எனக்கும் வயிறு வந்துட்டு ஆச்சி, அப்பா மாதிரி குறைக்கேன்" என்கிறாள். வீரபாகு அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான், காதில் விழுந்துவிட்டது. பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, பிள்ளையை மடியில் இருத்தி, பருப்பும் நெய்யும் விட்டுச் சோறு பிசைந்து உருண்டை உருண்டையாக ஊட்டினான். கதை சொல்லி, கெஞ்சி, கடைசி உருண்டை வரைக்கும் ஊட்டினான். உன் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள், இன்றைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கும் தோன்றியது. பிள்ளை எழுந்து போனதும் விரலில் ஒட்டிக்கொண்டிருந்த நெய்யைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான் செந்தூர்பாண்டி. ஒரு பருக்கை வாயில் வைக்கவில்லை.

ஆவணி கடைசியில் புது ஹார்பரில் கோதுமைக் கப்பல் வேலை நடக்கும்போது ஏணியின் அடியில் மயங்கி விழுந்துவிட்டான். அஞ்சாறு படி மேலே போயிருந்தால் கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீரில்தான் எடுத்திருக்க வேண்டும். விஞ்சு ஓட்டுகிற ஒருத்தன் தனி ஆளாக அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தானாம். பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம், நான் கூட இருந்தேன். அன்றைக்கு ஐம்பத்திரண்டு கிலோ. அவன் உயரத்துக்கு அது என்ன எடை. டாக்டர் தேவபிரசாதம் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "குறைக்கச் சொன்னவன் நான், அது தையல் நிக்கிறதுக்காக. தையல் நின்னு வருஷம் ஒண்ணாச்சு. இப்ப எதுக்காகக் குறைக்கிய, எனக்குச் சொல்லுங்க" என்று கேட்டார். இவன் காலைப் பார்த்துக் குனிந்துகொண்டான். பிறகு, "ஒரு நாள் விட்டாலும் எல்லாம் திரும்ப ஏறிரும் டாக்டர், மறுபடியும் தோணின்னு கூப்புடுவாவ" என்றான். டாக்டர் எழுந்தார். என்னைத் தனியே கூப்பிட்டு, கொழுப்பு கரைந்து முடிந்து இப்போது சதை கரைகிறது, இருதயமும் சதைதான் அம்மா என்றார். அது எனக்கு விளங்கிவிட்டது. அங்கேயே படுக்க வைத்துப் பாலும் முட்டையும் கொடுக்கச் சொன்னார். நான் மருந்து வாங்கப் போய்த் திரும்புவதற்குள் கட்டில் காலியாக இருந்தது. பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டான், பாதி வழியில் இறங்கி மிச்சத்தை நடந்தே வந்தானாம். கம்பெனியில் உடம்பு தேறாமல் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நியாயம்தான், அங்கே இன்னொருதரம் விழுந்தால் யார் பதில் சொல்வது. வேலை இல்லாததால் இப்போது நாள் முழுக்க நடக்கிறான்.

புரட்டாசியில் உன் மதினி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓட்டப்பிடாரத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஊரில் என்னென்னவோ பேசுகிறார்கள், நீ எதையும் நம்பாதே. போகிற அன்றைக்கு என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அத்தை, நான் இவுகள விட்டுட்டுப் போகல, பிள்ளை சாப்புடணும் அத்தை, இந்த வீட்டுல இருந்தா அவ சாப்புட மாட்டேங்கா" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. வீரபாகு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தான். பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறதா என்று வாரம் ஒருதரம் போய்க் கேட்டு வரச் சொல்லி என்னை அனுப்புகிறான். சாப்பிடுகிறாள் என்று வந்து சொன்னால் கும்பிடுகிறான்.

திட்டிப் பார்த்தேன், அழுது பார்த்தேன், திருச்செந்தூர் கோயிலுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். முந்தாநாள் காலையில் அரிசியைக் குழைய வேகவைத்துக் கஞ்சியாக்கி, பாலும் ஊற்றி, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறலே என்றேன். நான் நினைக்கவே இல்லை, திறந்தான். ஒரு கரண்டி ஊட்டினேன். வாயில் வைத்துக்கொண்டிருந்தான், விழுங்கவில்லை. தொண்டை ஏறி இறங்குகிறது, உள்ளே போகவில்லை. கண்ணில் தண்ணீர் வழிகிறது, என்னையே பார்க்கிறான். கடைசியில் முற்றத்தில் போய்த் துப்பிவிட்டு வந்து என் மடியில் தலையை வைத்துக்கொண்டான். "நிறுத்தணும்னுதான் நினைக்கேன்மா. முதல்ல நான் குறைச்சேன். இப்ப நான் குறைக்கல, அது என்னைக் குறைக்கு" என்றான். தலையைத் தடவினேன், மண்டை ஓடு கையில் தெரிகிறது. பெற்ற பிள்ளையின் எலும்பை ஒவ்வொன்றாக எண்ணுகிற கதி எந்தத் தாய்க்கும் வரக்கூடாது. இதுநாள் வரை அவன் பிடிவாதம் பிடிக்கிறான் என்று நினைத்துக் கோபத்திலாவது இருந்தேன். அவனுக்கே முடியவில்லை என்று தெரிந்த பிறகு எனக்கு அந்தக் கோபமும் இல்லை. என்ன செய்வது என்று தெரியவில்லை ஐயா. டாக்டரிடம் போய்ச் சொன்னேன், மதுரையில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற பெரிய டாக்டர் இருக்கிறார், கூட்டிப்போங்கள், தாமதிக்காதீர்கள் என்றார். என்னால் இவனைப் பஸ்ஸில் ஏற்றிப் பிடித்து வைத்திருக்க முடியாது. கூட ஒரு ஆம்பளை வேண்டும், அவன் பேச்சைக் கேட்கிற ஆள் வேண்டும். சின்ன வயசிலிருந்து நீ சொன்னால் கேட்பான்.

அண்ணனைப் பார்த்து நானும் அங்கே ஒரு நேரச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். உனக்கு எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. நட, ஓடு, நல்லதுதான், பசித்தால் உட்கார்ந்து சாப்பிடு, சாப்பிட்டதை நினைத்து வெட்கப்படாதே. ரயிலில் வரும்போது ஜன்னல் பக்கம் தூங்காதே, சளி பிடிக்கும். உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல புத்தியும் முருகன் கொடுக்கட்டும், என் ஆயுசில் பாதியை எடுத்து உன் அண்ணனுக்குக் கொடுக்கட்டும்.

மறக்காமல் ஒன்றை மனசில் வைத்துக்கொள். வந்து இறங்கி அவனைப் பார்த்ததும் உனக்கு அழுகை வரும். அழுதாலும் அழு, இப்படி இளைத்துவிட்டாயே என்று மட்டும் சொல்லிவிடாதே. போன வாரம் அவன் கூட்டாளி ஞானையா வந்தான். பார்த்த மாத்திரத்தில், "எலும்பும் தோலுமா ஆயிட்டியடே வீரபாகு" என்று கட்டிப்பிடித்து அழுதான். அவன் போன பிறகு உன் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். இத்தனை மாதத்தில் நான் காணாத ஒரு சந்தோஷம் அதில் இருந்தது.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா,
இசக்கியம்மாள்.