பால் நோட்டில் இல்லாத நான்கு பதிவுகள்

அனுப்புநர்:
பால் பரிசோதனை ஆய்வகத்தின் முன்னாள் உதவியாளர், மூன்று வயதுப் பெண் குழந்தையின் தாய்.
(பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை மூடிய உறையில் தனியே வைக்கப்பட்டுள்ளன. இத்தொழிலில் இருப்போர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதால் இந்த ஏற்பாடு.)

பெறுநர்:
நுகர்வோர் குறைதீர்வு அலுவலர் அவர்கள்,
நுகர்வோர் குறைதீர்வு அலுவலகம்.

பொருள்: கட்டணம் பெற்றுக்கொண்டு தன்விவரக் குறிப்பைச் சீர்செய்து தரும் இணைய நிறுவனம், என் மகளின் பால் அளவுக் குறிப்புகளை நடக்காத ஒரு மருத்துவமனை ஆய்வாக மாற்றி, எனக்கும் பிறருக்கும் பணி அனுபவமாக எழுதிக் கொடுத்தது தொடர்பாக.

இணைப்பு: பால் நோட்டின் 41ஆம் பக்க நகல், நிறுவனம் எழுதித் தந்த குறிப்பு, நிராகரிப்பு மின்னஞ்சல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நேர்காணலில் இச்சம்பவம் நடந்தது பிப்ரவரி 5. முப்பத்தேழு நாள் கழித்து எழுதுகிறேன். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது ஒரு காரணம். நடந்ததை வெளியே சொல்ல எனக்கே வாய் வரவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். இன்னும் அதிர்ச்சி தெளியவில்லை. ஆகையால் வரிசை எங்கேனும் முன்பின்னாக இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. நான் நுண்ணுயிரியல் பட்டதாரி. நான்கு ஆண்டுகள் பால் பரிசோதனை ஆய்வகத்தில் பணியாற்றினேன். என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்தாள். எடை 1,340 கிராம். வேலையை விட்டேன். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பால் கொடுத்து அளவைக் குறித்து வைக்கச் சொன்னார். எனக்குத் தெரிந்த முறையில் குறித்தேன்: நேரம், மில்லி, எடை, ஓரத்தில் சுருக்கக் கையெழுத்து. தொண்ணூற்று நான்கு நாட்கள். லிஃப்ட் மெக்கானிக்கான என் கணவர், "உன் புள்ளை குடிக்கிற பாலுக்கு நீயே கையெழுத்து போடறியே, மேனேஜர் யாரு, நானா?" என்று கேலி செய்வார்.

3. எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. குறிக்க வேண்டிய நேரத்தில் அளவு பார்க்கத் தவறினால், முன்னும் பின்னும் உள்ள எண்களை வைத்து ஊகித்து நிரப்பக் கூடாது. அந்தக் கட்டத்தில் சிவப்புக் கோடு இழுத்து, "பார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். தான் பார்க்காத அளவுக்கு யாரும் கையெழுத்திடக் கூடாது என்பதும் அதனுடன் சேர்ந்த விதி. என் பால் நோட்டிலும் நான்கு இடங்களில் சிவப்புக் கோடு இருக்கிறது. நான்கு முறையும் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன்.

4. இப்போது மகள் நடக்கிறாள் என்று சொல்வதற்கில்லை, ஓடுகிறாள். மருந்துத் தரப் பரிசோதனை ஆய்வகம் ஒன்று ஆள் எடுப்பதாக அறிந்தேன். பகல் ஷிப்ட் மட்டும். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம். பேருந்தில் போய்வரும் தூரத்தில் இப்படி வேறோர் ஆய்வகம் இல்லை. வேறு எங்கு வேலை கிடைத்தாலும் குழந்தையை யாரிடம் விடுவது என்ற கேள்வியில் அது முடிந்துவிடும்.

5. ஓர் அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்கும் வேலையில் உள்ள என் அண்ணி, "மூணு வருஷம் கேப் இருந்தா ரெண்டாவது வரி படிக்க மாட்டாங்கடி. காசு குடுத்து ஒழுங்கா எழுதி வாங்கு" என்றார். என் நன்மைக்காகவே சொன்னார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. நான் மேற்படி நிறுவனத்தின் தளத்தில் என் தன்விவரக் குறிப்பைப் பதிவேற்றினேன். நூற்றுக்கு 38 மதிப்பெண் என்று சிவப்பு வட்டத்தில் வந்தது. "பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள நிபுணர்" நேரடியாகத் திருத்தித் தருவார் என்றிருந்ததை நம்பிக் கட்டணம் செலுத்தினேன்.

6. இருபத்திரண்டு கேள்விகள் அனுப்பினார்கள். பதினேழாவது: "இடைவெளிக் காலத்தில் என்ன செய்தீர்கள்? மனம் திறந்து எழுதுங்கள். இது உங்களுக்கும் நிபுணருக்கும் இடையில் மட்டுமே." நான் மனம் திறந்தேன். பால் நோட்டைப் பற்றி, இரண்டு மணி நேரக் கணக்கைப் பற்றி, தொண்ணூற்று நான்கு நாட்களைப் பற்றி ஒரு பக்கத்துக்கு எழுதினேன். பெற்ற அம்மாவிடம்கூட அவ்வளவு விரிவாகச் சொன்னதில்லை.

7. இரண்டு நாளில் தருவதாகச் சொன்ன குறிப்பு ஒன்பதாம் நாள் வந்தது. விண்ணப்பத்திற்கு அன்றே கடைசி நாள். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் கைப்பேசி. முதல் பக்கத்தைப் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை, அழகாக இருந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன். நேர்காணல் நாளன்று வழியில் ஒரு கடையில் நான்கு பக்கமும் அச்செடுத்தேன். வரவேற்பு மேசையில் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடச் சொன்னார்கள். நின்றபடியே நான்கிலும் போட்டேன். இரண்டாம் பக்கத்தை நான் படிக்கவில்லை. இது என் தவறு. இதை மறைத்து மனு எழுத எனக்கு உரிமை இல்லை.

8. நேர்காணல் அறையில் தரப்பிரிவுத் தலைவர் அம்மையார் மட்டும் இருந்தார். பால் பரிசோதனை பற்றிய கேள்விகளுக்கெல்லாம் தடையின்றிப் பதில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தே இருந்தது. வேலை கிடைத்துவிட்டது என்றே எண்ணினேன். பிறகு இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்.

"பச்சிளங் குழந்தைங்க ஊட்டச்சத்து ஆய்வு. தொண்ணூத்தி நாலு நாள், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒண்ணுகூட விடாம ஆயிரத்து நூத்தி இருபத்தெட்டு பதிவு. எந்த ஆஸ்பத்திரிம்மா இது?" என்று கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவர் தொடர்ந்து கூறியதை அவர் சொற்களிலேயே தருகிறேன்: "இன்னைக்கு நீங்க மூணாவது ஆள். மூணு பேருக்கும் அதே தொண்ணூத்தி நாலு நாள், அதே நம்பர். காலைல வந்த தம்பிக்கு மீசையே இன்னும் சரியா வரல, அவரும் பச்சக் குழந்தைக்குப் பால் அளந்திருக்காராம். யாரு யாரைப் பார்த்து எழுதினீங்க?"

பெயர் இருந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு மற்ற இரண்டு தாள்களையும் காட்டினார். ஐயா, அந்தத் தாள்களில் இருந்தது என் மகள். அவள் பால் குடிக்க மறுத்து நான் துணியை நனைத்து நனைத்து உதட்டில் வைத்த நாட்கள், முன்பின் தெரியாத இருவரின் "பணி அனுபவம்" என்ற தலைப்பின் கீழ் இருந்தன.  மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "மேடம், அது என் குழந்தை" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அவர் மற்ற இரண்டு தாள்களையும் கவிழ்த்து வைத்தார். பிறகு குரலை உயர்த்தாமல், "அப்படியே இருக்கட்டும். கீழ இருக்கிற கையெழுத்து யாரோடது?" என்றார். என்னுடையது என்றேன். "லேபுல வேலை பார்த்தவங்கதானேம்மா நீங்க" என்றார். அதோடு நேர்காணல் முடிந்தது. 

9. மறுநாள் அந்த ஆய்வகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது: பொய்யான விவரம் அளித்ததால் இரண்டு ஆண்டுகளுக்கு விண்ணப்பிக்கத் தகுதியில்லை.

10. குறிப்பு எழுதித் தந்த நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். பேசிய பெண், என் எண்ணைச் சரிபார்த்துவிட்டு மகிழ்ச்சியாகவே சொன்னார்: "மேடம், உங்க ஸ்டோரி நல்லா வொர்க் ஆகுது. அதான் டெம்ப்ளேட்ல சேர்த்து மத்தவங்களுக்கும் போடறாங்க." அது ஸ்டோரி இல்லைங்க, என் பொண்ணு என்றேன். "சரிங்க மேடம், புகாரா பதிவு பண்ணிக்கறேன்" என்றார். பத்து நிமிடத்தில், இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டுக் குறுஞ்செய்தி வந்தது. எழுதிய நிபுணரின் பெயரைக் கேட்டு ஆறு முறை மின்னஞ்சல் அனுப்பினேன். ஆறு முறையும் ஒரே பதில்: "உங்கள் பொறுமைக்கு நன்றி."

11. ஐயம் வந்தால் ஒரே மாதிரியை மறுபடி சோதிப்பது எங்கள் தொழில் பழக்கம். முதலில் 38 பெற்ற என் பழைய குறிப்பை வேறு மின்னஞ்சலில் இருந்து மீண்டும் பதிவேற்றினேன். 61 வந்தது. அவர்களே எழுதித் தந்ததைப் பதிவேற்றினேன். 36 வந்தது. அதைச் சீர்செய்ய அதே நிபுணரின் சேவையைப் பரிந்துரைத்தார்கள். என் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டு, "ஊர்ல லிஃப்ட்ல மாட்டினவங்களையெல்லாம் வெளிய எடுக்கறேன். நம்ம வீட்டுல மாட்டினது தெரியாம போச்சே" என்றார்.

12. கட்டணத்தைத் திருப்பிக் கேட்பது இம்மனுவின் நோக்கமன்று. அதைச் சட்டப்படி தாங்கள் முடிவு செய்யலாம். நான் வேண்டுவன:

அ) என் மகள் பற்றிய குறிப்பு அந்த நிறுவனத்தின் டெம்ப்ளேட்டிலிருந்து நீக்கப்பட வேண்டும். அதை இதுவரை யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்ற விவரம் பெறப்பட வேண்டும். அவர்களும் என்னைப் போல் படிக்காமல் கையெழுத்திட்டவர்களாக இருக்கலாம். மீசை வராத அந்தத் தம்பிக்கும் இரண்டு ஆண்டுத் தடை வந்திருக்கும்.

ஆ) அந்தப் பொய்யை எழுதியது நான் அல்ல என்பது விசாரணையில் உறுதியானால், அதை மட்டும் தரப்பிரிவுத் தலைவர் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலை தரும்படி தாங்கள் சொல்ல வேண்டியதில்லை. படிக்காமல் கையெழுத்திட்டதற்கு நான் அவரிடம் நேரில் பதில் சொல்லிக்கொள்கிறேன். இன்னொரு முறை அந்த அறைக்குள் போக எனக்கு வழி கிடைத்தால் போதும்.

13. புதிய தன்விவரக் குறிப்பை நானே எழுதிவிட்டேன். அந்த மூன்று ஆண்டுகளுக்கு நேராக, "குறைமாதத்தில் பிறந்த மகளை வளர்த்தேன்" என்று ஒரே வரி. ஆயிரத்து நூற்று இருபத்தெட்டு என்பது அவர்கள் பெருக்கிப் போட்ட கணக்கு. நோட்டை எடுத்து எண்ணினேன். 1,124 பதிவுகளே உள்ளன. மற்ற நான்கும் நான் தூங்கிப்போன நேரங்கள். அவற்றில் ஒன்று இணைப்பில் உள்ள 41ஆம் பக்கத்தில் இருக்கிறது. நகலில் கோடு கறுப்பாக விழுந்துள்ளது. மூலத்தில் அது சிவப்பு.

14. இறுதியாக ஒன்று. தங்கள் அலுவலகப் படிவத்தில் "தவறிழைத்தவர் பெயர்" என்றொரு கட்டம் உள்ளது. வாசலில் மனு எழுதித் தருபவர், "ஏதாவது ஒரு பேரைப் போட்டு விடுங்கம்மா, காலியா இருந்தா திருப்பிக் குடுத்துடுவாங்க" என்று அக்கறையுடன் சொன்னார். அந்த நிபுணர் ஆணா பெண்ணா, அப்படியொருவர் உண்டா என்பதுகூட எனக்குத் தெரியாது. ஆகவே அக்கட்டத்தில் சிவப்புக் கோடு இழுத்து, "தெரியவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். இக்காரணத்திற்காக மனுவைத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம் என்றும், உண்மைப் பெயர் தெரியும்வரை அந்த இடத்தை யாரும் நிரப்ப வேண்டாம் என்றும் தங்களைப் பணிந்து வேண்டுகிறேன்.

இம்மனுவின் எல்லாப் பக்கங்களையும் நானே எழுதி, நானே படித்துப் பார்த்த பின் கையெழுத்திடுகிறேன்.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
மனுதாரர்

நாள்: மார்ச் 14
இடம்: உறையில் உள்ள முகவரி