வலது பக்கக் கதவு

பல்லடம்
2.9.2024

அன்புள்ள முருகேஷ் அண்ணாவுக்கு,

தமிழ்மதி எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவீர்கள், அதனால் கேட்கவில்லை. பத்து மாதமாக ஃபோனை எடுக்காத மனிதருக்குக் கடிதம்தான் சரி என்று, டப்பாவுக்குள் வைத்து பஸ் பார்சலில் போடுகிறேன். டப்பாவைத் திறந்தால் இதையும் படித்துத்தானே ஆக வேண்டும்.

உள்ளே இருப்பது எங்கள் மெரூன் கார். என் வீட்டுக்காரர், உங்கள் சிநேகிதர், ராப்பகலாகப் பிளாஸ்டிக் அட்டையை வெட்டி ஒட்டிச் செய்தது. நிஜக் காரில் இருபத்து நாலில் ஒரு பங்கு என்று பெருமையாகச் சொல்வார். நிஜக் கார் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் துருப்பிடித்து நிற்கிறது. இதற்குப் பெயின்ட் எல்லாம் முடித்துவிட்டார். மேலே பளபளப்புக்கு அடிக்கிற கிளியர் கோட் மட்டும் பாக்கி. "ஞாயித்துக்கெழமை அடிச்சுப்போடலாம் அம்மிணி" என்று சொன்னது வியாழக்கிழமை. மறுநாள்தான் நீங்கள் இரண்டு பேரும் உடுமலைக்குப் போனீர்கள். உயிரோடு திரும்பி வந்தது நீங்கள் மட்டும்.

ஐப்பசியில் வருஷத் திதி வருகிறது. அன்றைக்கு இந்தக் காரை அவர் படத்துக்கு முன்னால் வைக்க ஆசை. பெயின்ட் தூவுகிற அவருடைய ஏர்பிரஷையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். அதைப் பிடிக்கத் தெரிந்தவர் இனி நீங்கள் ஒருவர்தான்.

திதிக்கு யார் வருவார்கள் என்று தெரியவில்லை. போன வாரம் சந்தையில் தெய்வாத்தாளைப் பார்த்தேன். கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்ற மகள் கீர்த்தனாவை அந்த விபத்தில் பறிகொடுத்தவர். பத்தொன்பது வயது. கும்பிட்டேன். "குடிச்சுப்போட்டு என்ற புள்ளையக் கொன்னவனுக்குத் திதி ஒரு கேடா?" என்றார், நாலு பேர் முன்னால். குடிக்கிற பழக்கமே கிடையாது, டீக்குச் சர்க்கரை போடக்கூட யோசிக்கிற மனுஷர் அண்ணா அவர். ஆனால் வண்டி ஓட்டியது அவர்தான் என்று நீங்களே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த பிறகு நான் எந்த வாயால் மறுத்துப் பேசுவேன்? அவர் பெயரைத் துடைக்க என்னால் முடியவில்லை. இந்தக் காரையாவது பளிச்சென்று வைக்கிறேன்.

அன்புத் தங்கை,
தமிழ்மதி


திருப்பூர்
10.9.2024

அன்புள்ள தங்கச்சி தமிழ்மதிக்கு,

திட்டியது போதும் அம்மிணி. ஃபோன் எடுக்காதது என் தப்புதான். பிரின்டிங் யூனிட்டில் ஆர்டர் நெருக்கடி என்று எழுதலாம் என்று பார்த்தேன். நீங்கள் நம்பமாட்டீர்கள்.

காரை வெளியே எடுத்ததும் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. அர்த்தநாரி வைப்பர் முதற்கொண்டு செய்திருக்கிறான். கிளியர் கோட் அவசரப்படக் கூடாத வேலை. முதலில் தூவினது போல மெல்லிசாக இரண்டு தடவை, அது காய்ந்ததும் ஈரம் மின்ன ஒரு தடவை. காற்றில் மழை ஈரம் இருந்தால் பால் படிந்தது போல வெளுத்துப்போகும். அதனால் வெயிலுக்காக மூன்று நாள் காத்திருந்தேன். கூரையும் பானட்டும் முகம் பார்க்கலாம் போல வந்திருக்கின்றன. கதவு ஒன்றில் மட்டும், கைப்பிடிக்குக் கீழே, ஒரு சின்ன இடத்தில் பூச்சு ஒட்டாமல் விலகி நிற்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு பட்டிருந்தால் அப்படி ஆகும். தண்ணீர் விட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கிறேன்.

ஒரு விஷயம். கிளியரை என்னிடம் இருக்கிற வேறு பிரஷில்தான் அடிக்க வேண்டியதாயிற்று. அவனுடைய ஏர்பிரஷைக் கழுவாமலே வைத்துவிட்டான் போலிருக்கிறது. வெறும் தின்னர் ஊற்றி அடித்தேன், மெரூனாக வந்தது. ஊசியை உருவித் துடைத்தேன், முனையைக் கழற்றி ஊறப்போட்டேன், கிண்ணத்தைப் பஞ்சு வைத்துத் துடைத்தேன். ஏழு தடவை. ஏழாவது தடவையும் மெரூன்தான். துடைக்கிற பனியன் வேஸ்ட் ஒரு கைப்பிடி நனைந்து போயிற்று. காய்ந்த பெயின்ட் என்றால் முனையை அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். இது நேற்று ஊற்றினது போல வருகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முருகேஷ்


பல்லடம்
14.9.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

அவரா கழுவாமல் வைப்பார்? பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டார்கள். அந்த வியாழக்கிழமை வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்தவளே நான்தான். கடைசியில் தின்னர் பச்சைத் தண்ணீர் போல வந்தது. "போதுமுங்க, தேஞ்சு போயிரும்" என்று கேலி செய்தேன். சிரித்துக்கொண்டே ஊசியைப் பூட்டி வைத்தார். பிறகு யாரும் அந்தப் பெட்டியைத் தொடவில்லை.

இங்கேயும் ஒன்று நடக்கிறது. கார் போன நாளிலிருந்து அவருடைய அறையில் தின்னர் வாசனை அடிக்கிறது. எல்லா டப்பாவையும் வெளியே எடுத்து வைத்துவிட்டேன். ஜன்னலைத் திறந்து போட்டும் போகவில்லை. நேற்று மத்தியானம் ஏர்பிரஷுக்குக் காற்று தருகிற கம்ப்ரசர் ஓடி நிற்கிற சத்தம் கேட்டு எழுந்து போனேன். அதைப் போன மாதமே பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டேனே என்பது வாசலுக்குப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. பயமாக இல்லை. அவர் ஏதோ வேலையை முடிக்க அவசரப்படுகிறார் என்றுதான் தோன்றியது.

எந்தக் கதவு என்று நீங்கள் எழுதவில்லையே?

தமிழ்மதி


திருப்பூர்
27.9.2024

அன்புள்ள தமிழ்மதிக்கு,

வலது பக்கக் கதவு. டிரைவர் பக்கம்.

நான்கு தடவை தேய்த்து நான்கு தடவை அடித்தேன். கிளவுஸ் போட்டுத்தான் தொட்டேன். ஈரமாக இருக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. காய்ந்த பிறகு அதே இடத்தில் எழும்பி வருகிறது. துணியில் இழை எண்ணுகிற லென்ஸை வைத்துப் பார்த்தேன். அரிசி அளவில் ஒரு கை மாதிரி இருந்தது. கண் பிரமைதான். நாள் முழுக்க டிசைனைப் பார்க்கிற கண்ணுக்கு எதுவும் எதுவாகவும் தெரியும்.

கடைசியில் அந்தக் கதவை வெறும் பிளாஸ்டிக் தெரிகிற வரை சுரண்டிவிட்டேன். புதிதாக மெரூன் அடித்து, அதன் மேல் கிளியர் அடித்து, ஐந்து நாள் காய வைத்தேன். இப்போது மாசு மருவில்லை. பத்துத் தடவை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டினேன். ஏர்பிரஷிலும் தின்னர் சுத்தமாக வந்துவிட்டது. எல்லாம் அனுப்பியிருக்கிறேன்.

திதிக்கு வர முடியாது. ஆர்டர் கொடுக்கிற பார்ட்டியைப் பார்க்க லூதியானா போக வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். இனி இதைப் பற்றி எழுதவும் வேண்டாமே.

முருகேஷ்


பல்லடம்
1.10.2024

அண்ணாவுக்கு,

டப்பாவைப் பிரித்தேன். கை இருக்கிறது.

லென்ஸ் தேடக்கூட வேண்டியிருக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாலே தெரிந்தது. பிறகு அவருடைய லென்ஸை எடுத்து வந்து பார்த்தேன். கதவைத் தள்ளிச் சாத்துகிற மாதிரி விரித்து வைத்த வலது கை. ரேகைகூடத் தெரிகிறது. மோதிர விரல் பாதிதான் இருக்கிறது.

நீங்கள் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தபோது அந்த விரல் போன அன்றைக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அவரும்தான் உட்கார்ந்திருந்தோம். லென்ஸில் அதையும் பார்த்திருப்பீர்கள். எனக்கு எழுதவில்லை.

என் வீட்டுக்காரரைக் கொலைகாரன் என்று ஊரே சொல்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறேன். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் எழுதுங்கள். அன்றைக்கு வண்டியை ஓட்டியது யார்?

தமிழ்மதி


திருப்பூர்
8.10.2024

தமிழ்மதி,

நான்தான்.

திரும்பி வரும்போது, உடுமலையைத் தாண்டியதும் அவனுக்குத் தலைவலி. "நான் ஓட்டறேன், நீ கண்ணை மூடு" என்று சாவியை வாங்கினேன். மாலை ஐந்தரை இருக்கும், நல்ல மழை. பிரின்ட்டில் ஷேடு சேரவில்லை என்று பார்ட்டி படம் அனுப்பியிருந்தான். ஃபோனை எடுத்து அதைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. சிவப்பு சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்போதுதான் இடித்தது.

வண்டி பள்ளத்தில் இறங்கி, இடது பக்கம் புளியமரத்தில் நசுங்கியது. அந்தப் பக்கம் இருந்த அர்த்தநாரிக்கு என் பெயரைச் சொல்லக்கூட நேரமில்லை. ஏற்றியிருந்த கண்ணாடிக்குள்ளேயே நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு என் பக்கமாக இறங்கி அவனையும் அதே வழியாக இழுத்துப் போட்டேன். கதவைச் சாத்தினேன். சேற்றுக் கையின் அச்சு கதவில் இருந்தது. அதை மழை கழுவிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆட்கள் ஓடி வந்து, "வண்டி ஓட்டுனது யாருங்க?" என்று கேட்டார்கள். டிரைவர் கதவுக்குக் கீழே அவன் கிடந்தான். "அவருங்க" என்றேன். ஒரே ஒரு வார்த்தை. அதற்கு மேல் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

எனக்கு இரண்டு பெண்கள். அவன்தான் போய்விட்டானே, இனி அவனுக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். உங்களுக்கு என்ன ஆகும் என்று நினைக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கிற யோக்கியதை இல்லாதவன்.

அந்தப் பெண் வண்டி பட்ட நொடியிலேயே போய்விட்டாள். வலி தெரிந்திருக்காது. அதை மட்டும் எப்போதாவது அந்த அம்மாவிடம் சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும். தீபாவளி கழியட்டும், நானே ஸ்டேஷனுக்குப் போகிறேன். அதுவரை இதை யாரிடமும் காட்ட வேண்டாம்.

முருகேஷ்


பல்லடம்
13.10.2024

முருகேஷ் அவர்களுக்கு,

காட்டிவிட்டேன்.

நேற்றுக் காலையில் உங்கள் கடிதத்தையும் காரையும் எடுத்துக்கொண்டு தெய்வாத்தாள் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார். நான் போகவில்லை. வெளியில் நின்று முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தேன். "அவருங்க" என்ற இடத்தில் தாழ்ப்பாள் எடுக்கிற சத்தம் கேட்டது. உள்ளே கூப்பிட்டு மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னார். "உன்ற ஊட்டுக்காரரை வாய்க்கு வந்தபடி பேசீட்டனே கண்ணு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒரு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை அது. கேட்டபோது சந்தோஷம் வரவில்லை. நானும் அழுதேன்.

பிறகு காரை மடியில் வைத்துக்கொண்டார். உங்கள் கையை லென்ஸில் காட்டினேன். பார்த்தார். லென்ஸை அப்படியே முன்பக்கம் நகர்த்தினார். "இதென்ன அம்மிணி, இங்கயெல்லாம்?" என்றார்.

நான் துணியில் சுற்றியபோது காரில் உங்கள் கை ஒன்றுதான் இருந்தது, சத்தியம். இப்போது பானட்டில் இரண்டு கை இருந்தது. உங்கள் கையைவிடச் சின்னது, ஒல்லி விரல்கள். ஹெட்லைட்டைத் தாண்டி, பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டே வருகிற மாதிரி இன்னும் நாலு. கடைசியில் டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் ஒன்றன் மேல் ஒன்றாக ஐந்து. கண்ணாடிக்கு யாரும் கிளியர் கோட் அடிப்பதில்லை, அது உங்களுக்குத் தெரியும். தெய்வாத்தாள் விரலால் தொடாமல் எண்ணினார். பதினொன்று.

லென்ஸைக் கண்ணாடி மேலேயே வைத்துக்கொண்டார். பிறகு, "வலி தெரியாமப் போயிட்டான்னு எழுதியிருக்கானே, என்ற புள்ள எந்திரிச்சு நடந்து வந்து கண்ணாடியத் தட்டியிருக்கா" என்றார். "அவளைப் பாத்துக்கிட்டே உள்ள உக்காந்திருந்திருக்கான். அவ என்ன கேட்டான்னு அவனுக்குத் தெரியும். தண்ணி கேட்டாளா, என்னயக் கேட்டாளா? எனக்கு அது மட்டும் போதும், அம்மிணி."

உங்கள் கடிதத்தை நான் வரி வரியாகத் தேடிப் பார்த்துவிட்டேன். அது அதில் இல்லை.

கார் அவரிடமே இருக்கிறது. கடிதமும் அவரிடம்தான். ஸ்டேஷனுக்கு நீங்கள் தீபாவளிக்கு முன்னால் போனாலும் சரி, பின்னால் போனாலும் சரி. அதற்கு முன்னால் 21-ஆம் தேதி திங்கட்கிழமை இங்கே வந்து, அந்தப் பெண் கண்ணாடிக்கு வெளியே நின்று என்ன கேட்டாள் என்று அவள் அம்மாவிடம் சொல்லுங்கள். தெய்வாத்தாள் அன்றைக்கு வேலைக்குப் போகமாட்டார். காலையிலிருந்து கதவைத் திறந்தே வைத்திருப்பதாகச் சொல்லச் சொன்னார்.

தமிழ்மதி அர்த்தநாரி