ஜிகினாத்தாள்

முத்தையாபுரம், தூத்துக்குடி
27.10.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் சந்தனமாரியும் நலம். ஜெயிலில் கொசு எப்படி இருக்கிறது? முட்டிவலித் தைலத்தை உள்ளே விட்டார்களா?

இங்கே நான்கு நாளாக மழை. பள்ளிக்கூடம் லீவு. இவளை வீட்டுக்குள் அடக்க முடியவில்லை. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, கலரில் தொட்டுத் தாளில் குத்தச் சொல்லிக் கொடுத்தேன். பூப்பூவாக விழுந்தது. குழம்புக்கு வைத்திருந்த காயெல்லாம் காலி. "இத கப்பல்ல இருக்க அப்பாக்குத் தீவாளிக்கு அனுப்பணும்" என்றாள். கூட வைத்திருக்கிறேன். ஆமாம், இன்னும் கப்பல் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளையிடம் வேறென்ன சொல்ல?

விபத்தன்று லாரியில் பிரேக் பிடிக்கவில்லை என்பதை வைத்தே வக்கீல் அப்பீல் தயார் செய்திருக்கிறார். ஜாமீன் கிடைத்தால் பொங்கலுக்கு வீட்டில் இருக்கலாமாம். காகிதம் வந்ததும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

உங்கள் இந்து

பாளையங்கோட்டை
9.11.2024

அன்புள்ள இந்துவுக்கு,

தைலம் கிடைத்தது. பிள்ளை செய்வது எதையும் இனி அனுப்பாதே. பார்க்க வரும்போது அவளைக் கூட்டி வரவும் வேண்டாம். நீ எழுது, போதும்.

பாண்டியராஜன்

முத்தையாபுரம்
15.12.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கார்த்திகைக்கு அட்டையில் விளக்குக்கூடு செய்தாள். கத்தரிக்கோலைக் கொடுக்க எனக்குப் பயம், அவளே வெட்டினாள். கப்பலுக்கு அனுப்ப முடியாது என்றேன். "அப்பாக்குப் பிடிக்கலியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் பாயில் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன செய்தது?

நீங்கள் கையெழுத்துப் போடவில்லை என்று வக்கீல் சொன்னார். பக்கத்து வீட்டு ஞானபாய் அக்கா, "ஏளா, ஒன் மாப்பிள்ள மேல தப்பில்லன்னா ஏன் இன்னும் உள்ள இருக்காவ?" என்று கேட்கிறாள். பிரேக் பிடிக்கவில்லை என்று நூறாவது தடவையாகச் சொல்லிவிட்டு வந்தேன். எனக்காவது காரணம் சொல்லுங்கள்.

உங்கள் இந்து

பாளையங்கோட்டை
26.12.2024

இந்து,

கையெழுத்துப் போட மாட்டேன். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. ஆறுமுகநேரியிலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு வந்தேன். செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டே ஓட்டினேன். நிமிர்ந்தபோது அந்தப் பிள்ளை முன்னால் நின்றது.

இறங்கி ஓடிப்போய்த் தூக்கினேன், உயிர் இல்லை. விரலெல்லாம் மைதாப் பசை. உள்ளங்கையில் ஜிகினாத்தாள் ஒட்டியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு வாசலில் உட்கார்ந்து நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தாளாம். தாள் காற்றில் பறந்ததும் பிடிக்க ஓடி வந்திருக்கிறாள். டேவிட்சன், அவள் அப்பா, அந்தக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நீ அனுப்பிய வெண்டைக்காய்ப் பூவை என்னால் இரண்டாவது தடவை பார்க்க முடியவில்லை. சந்தனத்தை மடியில் வைக்க எனக்கு யோக்கியதை இல்லை. தண்டனை முழுவதையும் கழித்துவிடுகிறேன். உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பாண்டியராஜன்

முத்தையாபுரம்
19.1.2025

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. பிறகு சந்தனத்தை உட்கார வைத்து, அப்பா கப்பலில் இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை. "அந்தப் பிள்ளைக்கு வலிச்சிருக்குமாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் நீங்கள் வேண்டாம் என்று எழுதியும் நேற்று அவளைக் கூட்டி வந்தேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, "வலிச்சிருக்கும்ளா. அப்பா மேலதான் தப்பு" என்று சொன்னீர்கள். திரும்பும்போது பஸ் வல்லநாடு தாண்டும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம், "அடுத்த மாசமும் வருவோம்மா" என்றாள்.

கூட்டி வருவேன். அவளிடம் நீங்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. என்னிடம் இரண்டு வருடம் சொன்னீர்கள். தெருவில் நின்று, கோர்ட்டில் நின்று, டேவிட்சன் முகத்துக்கு நேராக நின்று, அதை நானும் சொன்னேன்.

அவள் உள்ளே வந்து உங்களோடு பேசட்டும். நான் வெளியே நிற்பேன்.

இந்துமதி