எங்கள் வீட்டுக்குத் தையல்காரியாக வந்த அக்காவுக்கு

அக்கா,

இன்று பின்னேரம் பக்கத்து வீட்டு ராசமணி மாமியின் கொடியில் நீங்கள் தைத்த பச்சைச் சாறிச்சட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு கை பெரிது, ஒரு கை சிறிது. அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. மாரி மழைக்குள் காய்ச்சல் வந்து நீங்கள் செத்துப்போன பிறகு, உங்களை நினைத்து நான் சிரித்தது இதுதான் முதல் தடவை.

போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். அடுத்த அறையில் அப்பா இருமும்போதெல்லாம் என் கை நின்றுவிடுகிறது. ஆனாலும் இதை உங்களுக்குச் சொல்லாமல் நித்திரை வராது.

மனநலத் தாதியான நீங்கள் வீட்டுக்கு வருவது உப்புவெளி ஊருக்குள் தெரிந்தால் பெரியக்காவுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று அப்பா சொன்னார். நீங்கள் கோபிக்கவில்லை. அடுத்த மாதம் சீருடை இல்லாமல், பூப்போட்ட பையோடு சைக்கிளில் வந்தீர்கள். பைக்குள் அம்மாவின் ஊசிமருந்து, அதற்கு மேல் துணித்துண்டுகளும் அளவு நாடாவும். யார் கேட்டாலும் தையல்காரி என்று அப்பாவே சொன்னார். ராசமணி மாமி சும்மா இருப்பாரா? பச்சைத் துணியோடு வந்துவிட்டார்.

"பிள்ளை, இதையும் ஒருக்காத் தைச்சுத் தாங்கோ. தீபாவளிக்கு உடுக்க வேணும்."

உங்கள் முகம் போன போக்கு! மாமி போனதும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, "ஊசி போடுவியள், ஊசியில நூல் கோப்பியளோ?" என்று கேட்டார். இந்த மனநோய் வருத்தம் வந்தபின் அம்மா பகிடி விட்டதை அன்றுதான் கேட்டேன்.

அப்போது நீங்கள் மேற்படிப்புக்காக ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தீர்கள். வருத்தம் திரும்பி வருவதற்கு முன் வீட்டு ஆட்கள் எதை முதலில் கவனிக்கிறார்கள் என்பதுதான் உங்கள் கேள்வி. அப்பா "ஒண்டுமில்லை" என்று எழும்பிப் போய்விட்டார். என்னிடம் கேட்பதற்கு முன், அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, "மகளிட்டக் கேக்கலாமோ? விருப்பமில்லாட்டி விடுவம்" என்றீர்கள். அதுவரை அம்மாவைப் பற்றி அம்மாவிடம் யாரும் கேட்டதில்லை. டொக்டர்கூட "இவ நித்திரை கொள்ளுறாவோ?" என்று அப்பாவைத்தான் கேட்பார். அம்மா தலையாட்டினார்.

"மீன்," என்றேன். "வருத்தம் வரப்போகுது எண்டா அம்மா மீனைக் கழுவிக்கொண்டே இருப்பா. சதையெல்லாம் கரைஞ்சு, கறியில முள்ளுத்தான் மிஞ்சும்."

நீங்கள் துள்ளி எழும்பிவிட்டீர்கள். "மீனோ! நான் எழுதிவைச்ச கேள்வியளில மீனே இல்லையே!"

அம்மா மெதுவாகச் சொன்னார்: "கழுவினது காணாது, இன்னும் கழுவு எண்டு காதுக்குள்ள ஒரு குரல் சொல்லும், பிள்ளை." ஒரே குசினிக்குள் நின்றும் எனக்கு அது தெரியாது அக்கா.

போன கிழமையிலிருந்து அம்மா மறுபடியும் மீனைக் கழுவிக்கொண்டே இருக்கிறார். நீங்கள் போன பிறகு ஊசி இல்லை. புதிய தாதி கிளினிக்குக்கு வரச் சொல்கிறார். இறக்கக்கண்டி ஆட்களோடு பெரியக்காவின் கலியாணப் பேச்சு முடியும்வரை அந்தப் பக்கம் போகக்கூடாது என்கிறார் அப்பா. ஊசி தொடங்குவதற்கு முந்திய காலத்தில், அம்மா கழுத்தளவு கடலுக்குள் நின்றதை நான் கண்டிருக்கிறேன். அதுதான் எனக்குப் பயம்.

இன்று கொடியடியில் மாமி, "அந்தத் தையல் பிள்ளையை இப்பக் காணேல்ல?" என்று கேட்டார். என் வாயிலிருந்து எல்லாம் கொட்டிவிட்டது. நீங்கள் தாதி என்பது, நீங்கள் போனது, ஊசி நின்றது, மீன். 

மாமி சட்டையின் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "எந்தத் தையல்காரியடி இப்பிடித் தைப்பாள்? என்ர தம்பியும் அந்தக் கிளினிக்கிலதான் மருந்தெடுக்கிறவன். பிள்ளையைக் கண்ட உடன அங்கத்தத் தாதி எண்டு மட்டுக்கட்டினனான். ஒருத்தரும் துணி குடுக்காட்டி ஆக்கள் கதைப்பினமெல்லோ? அதுதான் குடுத்தனான்."

அக்கா! அந்தச் சட்டையை மாமி தீபாவளிக்கும் உடுத்தாரே! தெரிந்துகொண்டே உடுத்திருக்கிறார்!

"கொப்பர் விடிய முன்னம் கடலுக்குப் போயிடுவார். நாளைக்குக் கிளினிக்குக்கு வெளிக்கிடுங்கோ, நானும் வாறன். கோயிலுக்கு எண்டு சொல்லிக் கொம்மாவைக் கூட்டிக்கொண்டு வா," என்றார்.

சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அம்மாவுக்கு முன்னால் நின்றபோது கோயில் என்ற பொய் வாயில் வரவில்லை. நீங்கள் கேட்பதுபோலத்தான் வந்தது.

"அம்மா, திரும்பவும் மீனைக் கனநேரம் கழுவுறீங்கள். நாளைக்கு ஊசிக்குப் போவமோ? விருப்பமில்லாட்டிச் சொல்லுங்கோ."

 கேட்டுவிட்டுக் காத்திருப்பது இவ்வளவு கஷ்டமா, அக்கா? ஒவ்வொரு வீட்டிலும் நீங்கள் இப்படித்தானே இருந்திருப்பீர்கள்?

"கொப்பர் ஏசுவார்."

"ஓம்."

"உனக்குப் பயமில்லையோ?"

"பயம்தான் அம்மா."

அம்மா என் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். பிறகு, "பஸ்ஸில யன்னல் பக்கம் எனக்கு," என்றார்.