எரிந்துபோன ‘ஆனால்’

ஆஸ்கோலி,
புனித மார்ட்டின் திருநாள்

அன்புத் தம்பி ரெயினால்தோவுக்கு அக்கா இலாரியா ஆசியோடு எழுதுவது. சளி விட்டதா?

நீ அனுப்பிய லத்தீன் பாடம் வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டது. பங்குச் சாமியார் அப்பாவுக்கு அதை நம் மொழியில் சொன்னார். “உலகத்தை யாரும் படைக்கவில்லை என்றே தோன்றுகிறது” என்று முதல் வரி. அப்பா மீதியைக் கேட்கவே இல்லை. பிடுங்கி, மெழுகுவர்த்தி வார்க்கக் காய்ச்சும் கொப்பரை அடுப்பில் போட்டுவிட்டார்.

“அப்போ வேதம் பொய்யா? யாரோ அரிஸ்டாட்டிலாம், அவன் சகவாசம்தான் கெடுத்திருக்கு. கிறிஸ்துமஸுக்கு இவன் வாசப்படி மிதிக்கக் கூடாது” என்கிறார். உனக்கு ஏன்டா இந்த வேலை? எனக்கு அழுகையாக வருகிறது.

இலாரியா

நேப்பிள்ஸ்,
புனித கத்தரீன் திருநாள்

என் அக்காவுக்கு,

சளி போய்விட்டது, பசிதான் போகவில்லை.

எங்கள் பள்ளியில் யாரும் தன் கட்சியை முதலில் பேசக்கூடாது. எதிராளியின் கட்சியை, அவனே மெச்சும்படி எடுத்து வைக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் ‘ஆனால்’ என்று ஆரம்பித்துப் பதில் சொல்லலாம். கிறிஸ்துவுக்கு முன்பே செத்துப்போன அரிஸ்டாட்டில் உலகத்துக்குத் தொடக்கமில்லை என்கிறார். வேதம் கேளாமலே அவர் வெகுதூரம் வந்தவர். ‘ஆனால் மிச்ச வழி விசுவாசத்தோடுதான்’ என்று நான் அழகாக முடித்திருந்தேன். அப்பா கேட்காமலே எரித்தது அந்தப் பாதியை.

வீட்டுக்கு வரவேண்டும் போலிருக்கிறது, அக்கா.

ரெயினால்தோ

ஆஸ்கோலி,
புனித லூசியா திருநாள்

தம்பி,

உன் வித்தையை நேற்றுச் சாப்பாட்டு மேசையில் காட்டினேன். “அப்பா, ரெயினால்தோ வரவேண்டாம் என்றே தோன்றுகிறது. முதலாவது, அவன் திமிர் பிடித்தவன். இரண்டாவது, மெழுகு வார்க்கச் சொன்னால் கையைச் சுட்டுக்கொண்டு ஓடுவான். மூன்றாவது, அம்மா சாகும்போதுகூட ஏதோ புத்தகத்தைத்தான்...”

“போதும்டி. அவ கேட்டுத்தான் அவன் வாசிச்சான்” என்றார். கரண்டியைக் கீழே வைத்தார். “நீ சொல்றதெல்லாம் சரி. ஆனா...”

“ஆனா என்னப்பா?”

“ஆனா அவன் என் புள்ளடி.”

பிறகுதான் எரிந்த பாதியைச் சொன்னேன். எழுந்துபோய் அடுப்பைக் கிளறிப் பார்த்துவிட்டு, “அவன் வரட்டும்” என்றார். கோவேறு கழுதைக்காரர்களோடு உடனே கிளம்பி வா.

படுக்கப் போகும்போது, “அந்த அரிஸ்டாட்டில் பையனுக்கு வீடு வாசல் உண்டா? பண்டிகை நாள்ல தனியா கெடப்பானே, அவனையும் கூட்டிட்டு வரச் சொல்லு” என்றார்.

உன் பக்கத்தில் இன்னொரு தட்டும் வைக்கிறேன்.

உன் அக்கா