முழங்கையால் திறக்கும் குழாய்

ஆகஸ்ட் 6, புதன்

இன்றும் வாஷ்பேசின் குழாயைத் திறக்க ஜெனிஃபரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. வாய் நிறைய பேஸ்ட் நுரையோடு பெற்ற மகளைக் கூப்பிட்டு நிற்பது எப்படி இருக்கும் என்று யாருக்காவது தெரியுமா? முடக்குவாதம் வந்து இரண்டு வருஷம். காலையில் விரல்கள் மடங்கவே மடங்காது. திருகும் குழாய் எனக்குப் பூட்டுப் போட்ட குழாய்தான். பேனாவை மட்டும் கட்டைவிரலில் இடுக்கி எப்படியோ எழுதிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை, ஊருக்கு நானும் டீச்சர்தான்; அந்தப் பதிவேடும் இப்படித்தான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

குழாய் தேய்ந்து ஒழுகவும் செய்கிறது. 24ஆம் தேதி ஜெனிஃபரைப் பெண் பார்க்க வாலாஜாபாத்திலிருந்து வருகிறார்கள். அதற்குள் புதுசு மாற்றிவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர் ஜான்சன். எனக்குத் திறக்க வருகிற மாதிரி வாங்குங்கள் என்றேன். தலையாட்டினார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் நேராகக் காஞ்சிபுரம் போய் வாங்கிவந்துவிட்டார். பளபளவென்று வளைந்த கழுத்து, இரண்டு பக்கமும் கண்ணாடிக் குமிழ். ஒன்றில் சிவப்புப் புள்ளி, இன்னொன்றில் நீலப் புள்ளி. சிவப்பில் வெந்நீர் வருமாம். எங்கள் வீட்டில் வெந்நீர் விறகடுப்பில் அல்லவா வருகிறது! பிளம்பர் பாண்டுரங்கன் சிரித்துக்கொண்டே சிவப்புப் பக்கத்தை அடைத்துவிட்டு நீலப் பக்கத்துக்கு மட்டும் இணைப்புக் கொடுத்தார்.

அந்த நீலக் குமிழ் வழுக்குகிறது. இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தேன். ம்ஹும்.

"பக்கெட்ல தண்ணி புடிச்சி சொம்பு போட்டு வெச்சிடுறோம்மே. உனுக்கு இன்னா கஷ்டம்?" என்கிறார் என் வீட்டுக்காரர்.

ஆகஸ்ட் 11

பக்கெட்டில் முகம் கழுவினேன். அழுகை வந்தது. அதையும் அதிலேயே கழுவினேன்.

ஆகஸ்ட் 13, புதன்

இவரோடு சண்டை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் முழங்கையால் தள்ளித் திறக்கிறார்களே, நீளக் கைப்பிடி வைத்த குழாய் — அதைப் போடுங்கள் என்றேன்.

"வர்றவங்க பாத்தா இன்னா நெனப்பாங்க? அம்மாவுக்குக் கீது, பொண்ணுக்கும் வரும்னு எய்ந்து பூடுவாங்க. அன்னிக்கு ஒரு நாள் கைய முந்தானைக்குள்ள வெச்சிக்கோ. பொண்ணுக்காக."

பொண்ணுக்காக! அந்தச் சொல்லுக்கு நான் மடங்குவேன் என்று தெரிந்து சொல்கிறார். அவளுக்கும் வருமா என்று டாக்டரம்மாவிடம் முதலில் கேட்டவளே நான்தானே? வரலாம், வராமலும் போகலாம் என்றார். அந்தப் பயத்தை நான் தினமும் சோற்றோடு சாப்பிடுகிறேன். ஆனால் மறைக்க மாட்டேன். ஒரு நாள் மறைத்தால் கல்யாணம் வரைக்கும் மறைக்க வேண்டும். பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொள்ளச் சொல்லி என்னிடம் நீட்டும்போதும் மறைக்க வேண்டும். எத்தனை முந்தானை வைத்திருக்கிறேன் நான்? முடியாது. முடியாது என்றால் முடியாது.

ஆகஸ்ட் 16, சனி

உத்திரமேரூர் போனேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஹார்டுவேர் கடையில் செந்தமிழன் எடுத்துப் போட்டதெல்லாம் திருகுகிற குழாய். ஒவ்வொன்றையும் மேஜைமேல் பிடித்துக்கொள்ளச் சொல்லி முழங்கையால் தள்ளிப் பார்த்தேன். சிமெண்ட் வாங்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

"நீங்க சொல்றது கிளினிக்குக்குத்தான் போவும் டீச்சர். வூட்டுக்குன்னு எவனும் கேட்டதில்ல."

"நான் கேக்குறேன் இல்ல?"

பரணில் ஒன்று கிடந்தது. ஒரு சாண் நீளக் கைப்பிடி. கால் சுற்று தள்ளினாலே முழுசாகத் திறக்கிறது. டேங்க் உயரமில்லாமல் பாத்ரூமுக்கு நேர் மேலேயே இருந்தாலும் இதில் தண்ணீர் நன்றாக விழும் என்றார். அழகு? சுத்தமாக இல்லை. வாங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 19

பாண்டுரங்கன் மாட்டித்தர மாட்டாராம். "ஞாயித்துக்கெயம தாண்டட்டும்னு அண்ணன் சொல்லிட்டாரு டீச்சர்." ஊரில் இருப்பதே ஒரு பிளம்பர். அவர் கையையும் கட்டிவிட்டார் இவர்.

ஆகஸ்ட் 23, சனி

இவர் வேன் எடுத்துக்கொண்டு லோடுக்குப் போனதும் ஜெனிஃபர் ஸ்பேனரோடு வந்து நின்றாள். "இது உன் கல்யாண விஷயம். நீ வேணான்னா வேணாம்" என்றேன்.

"ஒரகடம் கம்பெனில ஒரு ஷிப்டுக்கு நானூறு நட்டு முறுக்குறேன். இது நானூத்தி ஒண்ணு. தள்ளு மா."

டேங்க் வால்வை மூடி, பேசினுக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்துக் கண்ணாடிக் குமிழைக் கழற்றினாள். புதுசை மாட்டித் தண்ணீரைத் திறந்தால் அவள் மூஞ்சியிலேயே ஊற்றுகிறது! ரப்பர் வளையத்தை நான் என் மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி எட்டிப் பார்த்தாள். மறுபடி கழற்றி, வளையம் போட்டு, டேப் சுற்றி முறுக்கினாள்.

முழங்கையால் தள்ளினேன். தண்ணீர். யாரையும் கூப்பிடாமல். மூடினேன். திறந்தேன். மூடினேன். சந்தோஷமாக இருந்தது, வேறு எப்படி எழுதுவது?

இவர் சாயங்காலம் வந்து பார்த்தார். ராத்திரி சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வந்தார்கள். பையனுடைய அம்மா ஏஞ்சல் கேசரி சாப்பிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வந்து, "வூட்ல யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்றார். இவர் வாயைத் திறப்பதற்குள் இரண்டு கையையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"எனக்குத்தாங்க. முடக்குவாதம். மாத்திரை சாப்புடுறேன். வேலைக்கும் போறேன்."

சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

வேண்டாமாம். நடுவில் நின்று பேசிய சாம்சன் வந்து சொன்னார். "அந்தக் கொயாய ஒரு நாள் கயட்டி வெச்சிருந்தா முடிஞ்சிருக்கும்."

நான் செய்தது சரிதானா? வீறாப்பாக எழுதியதெல்லாம் இப்போது படிக்கவே கூசுகிறது. ஜெனிஃபரிடம், "மன்னிச்சிடுடி" என்றேன்.

"எனுக்கும் ஒரு நாள் வந்துச்சின்னா, அந்த வூட்ல என் கைய எங்கமா ஒளிச்சி வெப்பேன்?" என்று கேட்டாள்.

இவர் வாசற்படியில் செருப்பைக் கழற்றாமல் நின்றிருந்தார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் இவர் போனில் பேசுவது கேட்டது. மதுராந்தகத்தில் ஓர் இடம் என்று சாம்சன் சொல்லியிருந்தார். அவர்கள்தான்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேங்க. எங்க வூட்டம்மாவுக்கு..."

தண்ணீர்ச் சத்தத்தில் மீதி கேட்கவில்லை. முழங்கையால் தள்ளி மூடினேன்.

"...கையில முடக்குவாதம் கீது. கொயாகூட அவங்களுக்குத் தோதாத்தான் போட்டுக்கீறோம். அத தெரிஞ்சிக்கினு வர்றதுன்னா வாங்க. இல்லாட்டி வர வேணாம்."

போட்டுக்கீறோமாம்! யார் போட்டது? கண்ணில் சோப்பு எரிய எரிய, அசையாமல் நின்று முழுசும் கேட்டேன்.